வாயில்லா நோயாளி

நோயுற்ற மனிதன் தன் துன்பத்தை வாய்விட்டு உரைக்கின்றான். தலை வலிக்கின்றது என்கின்றான். வயிறு எரிகின்றது என்கின்றான். மருத்துவரும் அதனைக் கேட்டு மருந்து தருகின்றார். ஆனால், வீட்டில் வளரும் சிற்றுயிர் ஒன்று அறுவைக்கு உள்ளாகி மீண்டு வருமாயின், அதன் வலியை எடுத்துரைப்பவர் யார்? அதற்கு மொழி இல்லை. அதுமட்டுமன்று, வலியை வெளியே காட்டாமல் மறைப்பதே சில உயிர்களுக்கு இயல்பாக அமைந்துள்ளது. அத்தகைய உயிர்களுள் ஒன்று கினிப்பன்றி. அறுவைக்குப் பின் அதனைக் காப்பவர், அது சொல்லாததைத் தம் கண்ணால் கண்டு அறிதல் வேண்டும்.

கினிப்பன்றி என்னும் பெயர் இரு வகையாலும் பொருந்தாத பெயர். அது பன்றியினத்தைச் சேர்ந்ததன்று. கினி நாட்டில் தோன்றியதும் அன்று. எலியையும் அணிலையும் போல அது கொறித்துண்ணும் விலங்கு. தமிழில் அதனைச் சீமைப்பெருச்சாளி என்றும் வழங்குவர். அதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாடு. பெரு, பொலிவியா முதலிய நாடுகளின் மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனை உணவுக்காக வளர்க்கத் தொடங்கினர், இன்றும் வளர்க்கின்றனர். 16ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவை அடைந்து, நாளடைவில் செல்லப்பிராணி ஆயிற்று. புல்வெளிகளில் கூட்டமாக வாழ்ந்த அதன் முன்னோர்க்குப் பகைகள் பல. கூட்டத்தில் தளர்ந்து நிற்கும் விலங்கையே பகை முதலில் பற்றும். ஆதலால், நோயை மறைத்து நலமுற்றதுபோல் தோன்றும் இயல்பு அவ்வினத்திற்கு வழிவழியாக வந்துள்ளது.

கூட்டமாக வாழ்ந்த இவ்வுயிர் தனிமையைப் பொறுப்பதில்லை. இதனை உணர்ந்த சுவிட்சர்லாந்து நாட்டினர், கினிப்பன்றியைத் துணையின்றித் தனியே வளர்த்தல் ஆகாது என்று 2008ஆம் ஆண்டில் விதி வகுத்தனர். ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது நல்ல துணையாகும். எனினும், அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பெண் கினிப்பன்றி பிறந்த ஓரிரு மாதங்களிலேயே கருவுறக்கூடும். ஏறத்தாழ 59 முதல் 72 நாள்களில் அது குட்டிகளை ஈனும். ஈன்ற சில மணி நேரத்திலேயே மீண்டும் கருவுறவும் கூடும். இவ்வாறு பெருகினால், அவற்றுக்கு இடமும் உணவும் அளிப்பது இயலாததாகும். இதனைத் தவிர்க்கவே கால்நடை மருத்துவர் இனப்பெருக்கத்தைத் தடுக்கும் அறுவையைச் செய்கின்றார்.

உழவர் காளைகளுக்குச் செய்வதைக் காயடித்தல் என்பர். ஆண் கினிப்பன்றிக்குச் செய்வதும் அத்தகையதே. ஆயினும், மயக்க மருந்து கொடுத்து, வலியறியாதபடி, விதைகளை மருத்துவர் நீக்குகின்றார். இவ்விலங்கின் உடலில் விதைப்பைக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள வழி திறந்தே இருக்கும். அதனை மூடாது விட்டால் குடல் கீழிறங்கக்கூடும். ஆதலின், தேர்ந்த மருத்துவர் அவ்வழியையும் கருத்தாய் அடைக்கின்றார். பெண் கினிப்பன்றிக்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சூலகங்களையும் நீக்குவதுண்டு. வயதான பெண் விலங்குகளுக்குச் சூலகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றுவது மிகுதி. அந்நோய்க்காகவும் இவ்வறுவை செய்யப்படுகின்றது. அது ஆணுக்குச் செய்வதினும் பெரியது. உடல் தேறுவதற்கும் மிகுதியான நாள்கள் ஆகும்.

அறுவை முடிந்தவுடன் இடர் நீங்கியது என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறு. நன்கு நடந்தேறிய அறுவைக்குப் பின்னரும் கினிப்பன்றி இறப்பதுண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணமாவது புண் அன்று. நின்றுபோன குடலே ஆகும். புல் தின்னும் இவ்விலங்கின் குடல் ஓடிக்கொண்டேயிருக்கும் நீரோடை போன்றது. மேலிருந்து உணவு வந்துகொண்டிருக்கும்வரை அது கீழ்நோக்கி இயங்கும். குடற்பையில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கச்செய்து சத்தாக மாற்றும். வலியாலோ அச்சத்தாலோ விலங்கு உண்ணாதொழியின், குடலின் அசைவு தளரும். காற்று நிறைந்து வயிறு உப்பும். அவ்வுப்பல் மேலும் வலி தரும். வலி மேலும் பசியைக் கெடுக்கும். இச்சுழலில் சிக்கிய உயிர் ஓரிரு நாள்களில் மடிந்துவிடவும் கூடும். மனிதர்க்கு அறுவைக்கு முன் பட்டினி விதிப்பது வழக்கம். வாந்தியெடுக்க இயலாத கினிப்பன்றிக்கோ நெடும்பட்டினி தேவையில்லை. அது தீங்கும் ஆகும். அது பழகிய உலர்புல்லையும் கீரையையும் மருத்துவமனைக்கே எடுத்துச் செல்வது நன்று. மயக்கம் தெளிந்தவுடன் அவற்றைக் கண்டால் அதற்கு உண்ணும் விருப்பம் எழும்.

வீட்டிற்கு வந்த முதல் இரவே பெரிதும் விழிப்புடன் இருத்தற்குரியது. மயக்க மருந்தின் விளைவால் சிறிய உடல் விரைவில் குளிர்ந்துவிடும். கினிப்பன்றியின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியசு. ஆகவே, துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றைக் கூட்டின் ஒரு மூலையில் வைத்தல் வேண்டும். மற்ற மூலை குளிர்ச்சியாகவே இருக்கட்டும். வெப்பம் மிகுந்தால் விலகிச் செல்ல அதற்கு இடம் வேண்டும் அன்றோ? வெயில் மிகுந்த நாள்களில் இவ்வெப்பமூட்டலும் தேவையில்லை. மிகு வெப்பமும் இவ்வுயிரைக் கொல்லும். மரத்தூளும் மரச்சீவலும் புண்ணில் ஒட்டும். எனவே, சில நாள்களுக்குத் தூய துணி விரிப்பே ஏற்றது. கினிப்பன்றியின் கால்கள் குறுகியவை. வயிறு தரையை ஒட்டியே நிற்கும். விரிப்பு நனைந்திருந்தால் அந்த ஈரம் நேரே புண்ணைத் தொடும். ஆதலால், நனைந்த விரிப்பை உடனுக்குடன் மாற்றுதல் வேண்டும். ஏறி இறங்கும் படிகளையும் மேடைகளையும் கூட்டிலிருந்து நீக்கிவிடுதல் வேண்டும்.

அடுத்தது உணவு. வீடு திரும்பிய சில மணி நேரத்திற்குள் அது ஏதேனும் கொறிக்கத் தொடங்குதல் நற்குறி. உலர்புல், நீர், கொத்தமல்லித் தழை, குடைமிளகாய்த் துண்டு ஆகியன எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். எதையும் தொடாது ஒடுங்கியிருக்குமாயின், மருத்துவரிடம் தெரிவித்து, அவர் சொற்படி கையால் ஊட்டுதல் வேண்டும். தீவனக் குச்சிகளைப் பொடித்து வெதுவெதுப்பான நீரில் கூழாகக் கரைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்துக்கொள்வர். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில், பக்கவாட்டில் அதனைச் செலுத்துவர். ஒரு முறைக்கு அரை மில்லிலிட்டர் போதும். அது மென்று விழுங்கும்வரை காத்திருந்து, பின்னரே அடுத்த துளியை விடுதல் வேண்டும். விரைந்து ஊற்றினால் கூழ் நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே கேடு செய்யும். ஊட்டுபவர்க்குத் தேவையானது வலிமை அன்று, பொறுமையே.

புண் ஆறுவதற்கு உயிர்ச்சத்து சி இன்றியமையாதது. நாய், பூனை, எலி முதலிய பெரும்பாலான விலங்குகள் அச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனாலும் கினிப்பன்றியாலும் அஃது இயலாது. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு வியப்பிற்குரியது. நார்வே நாட்டு அறிஞர்களாகிய ஆக்சல் ஓல்ஸ்ட், தியோடர் பிரோலிக் என்பார் 1907ஆம் ஆண்டில் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவை மட்டும் கொடுத்து ஆராய்ந்தனர். அவற்றுக்கு, நெடுங்காலமாகக் கடலோடிகளை வருத்திவந்த ஸ்கர்வி நோய் தோன்றிற்று. பழமும் கீரையும் கொடுக்க, நோய் நீங்கிற்று. அந்நோயைத் தடுக்கும் சத்தைத் தேடியறிய இவ்வாய்வு வழிகாட்டியது. மனிதரைக் காக்கும் அறிவை இச்சிற்றுயிர் தன் உடல் வருத்தத்தால் ஈட்டித் தந்தது எனலாம். அது நோயுற்றுக் கிடக்கும் நாளில் ஒரு துண்டு குடைமிளகாயை மறவாது அளிப்பது, அக்கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருவதாகும்.

மருந்து கொடுப்பதிலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஓர் உயிருக்கு அமுதமாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாகலாம். 1940ஆம் ஆண்டு மே மாதம் ஆக்ஸ்போர்டில் ஹோவர்டு புளோரி என்னும் அறிஞர், கொடிய கிருமிகளை ஏற்றிய எட்டுச் சுண்டெலிகளுள் நான்கிற்குப் பெனிசிலின் கொடுத்தார். மறுநாட் காலையில் மருந்து பெறாத நான்கும் மாண்டு கிடந்தன. மருந்து பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. அம்மருந்து கினிப்பன்றிகளுக்குக் கேடு செய்வது 1943ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அது அவற்றின் குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களை அழிக்க, தீய நுண்ணுயிர்கள் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. ஆதலால், வீட்டில் எஞ்சிய மாத்திரைகளை இரக்கத்தால் கொடுப்பது இரக்கம் ஆகாது. வலி தணிக்கும் மருந்தாயினும், கிருமி கொல்லும் மருந்தாயினும், இவ்விலங்குகளின் இயல்பறிந்த கால்நடை மருத்துவர் தந்ததை, தந்த அளவிலேயே, தந்த நாள்கள் முடியும்வரை கொடுத்தல் வேண்டும்.

இனி, பேசாத நோயாளியின் நிலையை அறிவது எவ்வாறு? அதற்கு மூன்று சான்றுகள் உள. முதலாவது புழுக்கை. நலமுள்ள கினிப்பன்றி நாள்தோறும் மிகுதியாகப் புழுக்கையிடும். புழுக்கை சிறுத்தாலும், எண்ணிக்கையில் குறைந்தாலும், நின்றாலும் குடல் தளர்கின்றது என்று பொருள். இரண்டாவது எடை. நாள்தோறும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் குறித்துவைத்தல் வேண்டும். கிலோகிராம் எடையுள்ள விலங்கு நூறு கிராம் இழந்தால், கண்ணுக்கு அது மெலிந்ததாகத் தோன்றாது. தராசோ உண்மையை உரைத்துவிடும். மூன்றாவது அதன் தோற்றம். முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்க்க, கண்ணைப் பாதி மூடி மூலையில் அமர்ந்திருத்தலும், பற்களை நறநறவெனக் கடித்தலும் வலியின் அடையாளங்கள். உலர்புல்லை எடுக்கும் ஓசை கேட்டவுடன் சீழ்க்கை போன்ற குரலெழுப்பி ஓடி வருவது நலத்தின் அடையாளம். அரை நாள் முழுதும் உண்ணாமலோ புழுக்கையிடாமலோ இருக்குமாயின், விடியட்டும் என்று காத்திராது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

புண்ணை நாளொன்றுக்கு இருமுறை பார்த்தல் நன்று. பார்ப்பதற்குமுன் கைகளைக் கழுவிக்கொள்ளுதல் வேண்டும். சிறிது வீக்கமும் மெல்லிய சிவப்பும் முதல் நாள்களில் இயல்பே. வீக்கம் நாளுக்குநாள் பெருகுதல், சூடு, சீழ், தீநாற்றம், தையல் பிரிதல் ஆகியன இயல்பல்ல. ஒரு வாரம் கழிந்த பின்னரும் தோலுக்கடியில் சீழ்க்கட்டி தோன்றுவதுண்டு. ஆதலின், மேற்புறம் ஆறியது கண்டு பார்வையை நிறுத்திவிடலாகாது. மருத்துவர் சொன்னாலன்றிக் களிம்பு தடவுதலும், குளிப்பாட்டுதலும் கூடா.

எஞ்சியது துணை. அறுவைக்குப் பின் தனிக்கூட்டில் வைத்தாலும், கம்பி வலைக்கு அப்பால் தன் துணையைக் காணவும், அதன் மணத்தை அறியவும், குரல் கேட்கவும் இயன்றால் நோயாளியின் மனம் ஆறும். ஆனால், ஆண் கினிப்பன்றியை உடனே பெண்ணுடன் சேர்த்தல் கூடாது. விதைகளை நீக்கிய பின்னரும் முன்னரே உருவான உயிரணுக்கள் உடலில் சில காலம் தங்கியிருக்கும். எனவே, நான்கு முதல் ஆறு வாரம் பிரித்துவைக்குமாறு மருத்துவர் கூறுவர். அக்கெடுவைக் கடவாது சேர்த்தவர், எதற்காக அறுவை செய்தனரோ அப்பயனையே இழந்துவிடுவர்.

இவ்வாறு நோக்கினால், மருத்துவரின் பணி சிறிது நேரத்தில் முடிந்துவிடுகின்றது. வளர்ப்பவரின் பணியோ பல நாள் தொடர்கின்றது. முன்னதற்குப் பல்லாண்டுப் படிப்பு வேண்டும். பின்னதற்கு வேண்டுவன ஒரு தராசு, ஒரு தூய துணி, சிறிது உலர்புல், சோர்வறியாத கண் ஆகியவையே. செல்லப்பிராணியை மடியில் வைத்துக் கொஞ்சுவது எளிது. நள்ளிரவில் எழுந்து அதன் கூட்டிலுள்ள புழுக்கையை எண்ணிப் பார்ப்பது அரிது. அவ்வாறு எண்ணிப் பார்ப்பவரையே அவ்வுயிருக்கு உற்ற துணை எனலாம். சில நாள் கழித்து, உலர்புல்லை எடுக்கும் ஓசை கேட்டு அது குரலெழுப்பி ஓடி வருமாயின், வாயில்லா அந்நோயாளி தான் நலமுற்றதைத் தன் மொழியில் உரைத்துவிட்டது என்று அறியலாம்.