நாலு துப்பாக்கியும் நாலு பேர் பார்வையும்

துப்பாக்கியும் சட்டமும் – 9

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் துப்பாக்கி உரிமம் காரணத்தோடு சேர்ந்தே பிறக்கிறது. ஒரே 9 மி.மீ. பிஸ்டலை மூன்று பேர் மூன்று காரணங்களுக்காக வாங்கலாம். வீட்டையும் உயிரையும் காக்க ஒருவர், மாதம் ஒரு ஞாயிறு களத்தில் போய்ச் சுட்டுப் பார்க்க இன்னொருவர், போட்டிக்குப் போட்டி ஓட மூன்றாமவர். கருவி ஒன்றாக இருந்தாலும் உரிமம் மூன்று விதம். காரணம் மாறினால் சட்டப்பிரிவு மாறும், காலக்கெடு மாறும், வாங்கி வைக்கக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கையும் மாறும்.

தற்காப்புக்கான 13ஆம் பிரிவைப் போன வாரம் பார்த்தோம். ஒருவருக்கு ஒரே துப்பாக்கி, 5 ஆண்டு உரிமம், அத்தோடு சரி. இந்த வாரம் 15, 16 ஆகிய பிரிவுகள். விளையாட்டாகச் சுடுகிறவர்களும் வேட்டைக்காரர்களும் இவற்றுக்குள்தான் வருகிறார்கள்.

இரண்டுமே 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டமான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் உள்ளவை. அது 2004 ஜூலை 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இருந்தது நிறவெறி ஆட்சிக் காலத்தின் 1969ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி ஒருமுறை உரிமம் வாங்கினால் ஆயுள் முழுக்கச் செல்லும். வாங்கியவர் இன்னும் சுடுகிறாரா, அந்தத் துப்பாக்கி அவர் கையில்தான் இருக்கிறதா என்று திரும்பிக் கேட்பதற்கு அதில் வழியே இல்லை. புதிய சட்டம் திரும்பத் திரும்பக் கேட்கும்படி எழுதப்பட்டது.

15ஆம் பிரிவு, அவ்வப்போது சுடுகிறவருக்கானது. அங்கீகரிக்கப்பட்ட எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லாமல், நேரம் கிடைக்கும்போது வேட்டைக்கோ சுடுகளத்துக்கோ போகிறவர் என்று சட்டம் அவரை வரையறுக்கிறது. அவருக்கு அதிகபட்சம் 4 உரிமங்கள். ஏற்கெனவே தற்காப்புத் துப்பாக்கி இருந்தால் 3. இவற்றில் ஒன்றே ஒன்றுதான் கைத்துப்பாக்கியாக இருக்கலாம். ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி ரைஃபிளும் ஷாட்கன்னும் கிடையாது. ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் 10 ஆண்டு.

16ஆம் பிரிவு, ஈடுபாட்டு வீரருக்கானது. அவர் அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டும், தொடர்ந்து போட்டிகளிலும் கலந்துகொள்ள வேண்டும். சங்கத் தலைவர் அவருக்காக உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அது இருந்தால் கதவு அகலமாகத் திறக்கிறது. இத்தனைதான் வைத்திருக்கலாம் என்ற எண்ணிக்கை வரம்பைச் சட்டம் விதிக்கவில்லை. அரைத் தானியங்கி ரைஃபிள் கேட்கலாம். மறுபடி நிரப்பாமல் தொடர்ச்சியாக 5 முறைக்கு மேல் சுடாதபடி செய்யப்பட்ட அரைத் தானியங்கி ஷாட்கன்னும் கேட்கலாம். 200 தோட்டா வரம்பு அவருக்குப் பொருந்தாது. 21 வயது நிரம்பாதவர் தகுதிச் சான்று கேட்கும்போது ஏற்கத்தக்க காரணங்களில் ஒன்றாகவும் இந்த ஈடுபாட்டைச் சட்டம் எண்ணுகிறது.

அதற்காகக் கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. இரு சாராருக்கும் முதல்படி ஒன்றுதான்: பயிற்சி, சட்ட அறிவுத் தேர்வு, கையாளும் தேர்வு, பின்னணி விசாரணை, அதன்பின் தகுதிச் சான்று. பிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி விண்ணப்பம். இது ஏன் வேண்டும், கையில் இருப்பது ஏன் போதாது என்று எழுதித் தர வேண்டும். நிர்ணயித்த தரத்தில் இரும்புப் பெட்டகம் இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் இதற்கென்றே இருக்கும் அதிகாரி கோப்பைப் பார்த்து, பிரிட்டோரியாவில் உள்ள மத்தியத் துப்பாக்கிப் பதிவகத்துக்கு அனுப்புவார்.

இந்த இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் சட்டம் எழுதியவர்களின் மனம் தெரிகிறது. உன்னை யாரும் பார்க்கவில்லையென்றால் கொஞ்சமாக வைத்துக்கொள். அதிகம் வேண்டுமென்றால் நாலு பேர் பார்க்கும் இடத்துக்கு வா. ஆயுதக் கட்டுப்பாட்டில் நான் படித்தவற்றுள் மிக அறிவார்ந்த ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. ஒருவருக்குக் கோபம் முற்றுவதையோ, குடி கூடுவதையோ, கை நடுங்குவதையோ அரசு அலுவலகத்துப் படிவம் காட்டிக் கொடுக்காது. வாராவாரம் அவர் பக்கத்தில் நின்று சுடுகிறவர்களுக்கு அது தெரிந்துவிடும்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு உண்டு. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 3இலிருந்து 2ஆகக் குறைத்தது. போட்டி வீரர்களுக்கு அதற்கு மேலும் விலக்கு உண்டு. ஆனால் இந்தியாவில் அதிக விலக்கு பெற எட்டிய மதிப்பெண்ணும் பதக்கமும் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் தொடர்ந்து வந்து சுட்டால் போதும். கடைசி இடத்தில் வருகிறவரும் ஈடுபாட்டு வீரர்தான். பாதுகாப்பு என்ற கோணத்தில் எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. மதிப்பெண் திறமையைக் காட்டும். ஒருவரின் நிதானத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் சொல்ல முடியும்.

200 தோட்டா ஏன் போதாது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். ‘பிராக்டிகல் ஷூட்டிங்’ என்ற விளையாட்டைப் பார்த்தால் விளங்கும். 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இதற்கான சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. தென்னாப்பிரிக்காவில் இதற்கு வலுவான மரபு உண்டு. நின்ற இடத்திலிருந்து ஒரே இலக்கைச் சுடுவதில்லை. ஓடி, குனிந்து, தடுப்புக்குப் பின்னிருந்து, பல இலக்குகளைச் சுட வேண்டும். பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்து மதிப்பெண் போடுவார்கள். பெரிய போட்டி ஒன்றுக்கே 200, 300 தோட்டா ஆகிவிடும். அதற்கு முன்பு வாரக்கணக்கில் பயிற்சி. துப்பாக்கி பழுதானால் மாற்றுத் துப்பாக்கியும் வேண்டும். பிஸ்டல், ரைஃபிள், ஷாட்கன் மூன்றும் ஆடுகிற வீரருக்கு 15ஆம் பிரிவின் நான்கு உரிமங்கள், அதிலும் ஒரே கைத்துப்பாக்கி, எந்த வகையிலும் பற்றாது.

ஆகவே முழுப் பாரமும் சங்கங்களின் தோளில் விழுகிறது. அவை ஆண்டுதோறும் பதிவகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். உறுப்பினர் பதவி முடிந்தவர்களைப் பற்றித் தெரிவிக்க வேண்டும். என் கவலை இங்கேதான். ஒவ்வொரு சங்கமும் தனக்கென விதி வைத்திருக்கிறது. சிலவற்றில் களத்துக்கு நேரில் வந்து, மற்றவர்கள் முன் சுட்டுக் காட்ட வேண்டும். சிலவற்றில் தேர்வை வீட்டிலிருந்தபடியே கணினியில் எழுதிவிடலாம். சந்தா ஒழுங்காக வருகிறது, உறுப்பினர் முகத்தை யாரும் பார்த்ததில்லை என்ற நிலை வந்தால் 16ஆம் பிரிவின் உயிரே போய்விடும். எண்ணிக்கை வரம்பும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை என்றாகிவிடும்.

அரசுத் தரப்பின் ஓட்டை இதைவிடப் பெரியது. மத்தியப் பதிவகத்தில் விண்ணப்பங்கள் குவிந்து கிடப்பது பல ஆண்டுக் கதை. அதைவிடக் கொடுமை, கிறிஸ்டியன் பிரின்ஸ்லூ என்ற காவல்துறை கர்னல் செய்தது. மக்கள் நம்பி ஒப்படைத்த துப்பாக்கிகளை, அழிக்க வேண்டிய துப்பாக்கிகளை, அவர் கேப் டவுன் புறநகர்க் கும்பல்களுக்கு விற்றார். சுமார் 2,000 துப்பாக்கிகள். 2016இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 18 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அந்தத் தெருக்களில் குழந்தைகள் செத்திருக்கிறார்கள். விளையாட்டு வீரரிடம் இரும்புப் பெட்டகம் கேட்கிற அரசு, தன் கிடங்கை அப்படித்தான் வைத்திருந்தது. வீடுகளிலிருந்து திருட்டுப் போகும் துப்பாக்கிகளும் கும்பல்களிடம் சேர்கின்றன என்பது உண்மை. பெட்டக விதி அதனால்தான் வேண்டும். ஆனால் கண்டிப்பு இரு பக்கமும் இருந்தால்தான் குடிமகன் அதை மதிப்பான்.

அடுத்தது, காலம் முடிந்த உரிமங்கள். காலாவதிக்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். தவறவிட்டால் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி சட்டவிரோதமாகிவிடும். இது நியாயமில்லை என்று வேட்டைக்காரர்களின் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்து, 2017இல் உயர் நீதிமன்றத்தில் வென்றது. 2018 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை மாற்றியது. துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமையல்ல, சட்டம் தரும் சலுகை என்பது நீதிபதிகளின் ஒருமித்த முடிவு. காலாவதியானால் என்ன செய்ய வேண்டும் என்பது உரிமம் பெறும்போதே தெரிந்ததுதானே என்றார்கள். அந்த முடிவோடு எனக்கு உடன்பாடு. ஆனால் நாள் தவறியவர் பிறகு என்ன செய்வது? அதே துப்பாக்கிக்குப் புதிதாக உரிமம் கேட்கலாம் என்று அதே நீதிமன்றம் 2022இல் வேறொரு வழக்கில் சொன்னது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள், ஒப்படைத்தால் திரும்ப வருமா, வைத்திருந்தால் கைதாவோமா என்று பலர் தவித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாதவர்களைச் சட்டம் அவ்வளவு காலம் அந்தரத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது.

2021 மே மாதம் அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. தற்காப்பு என்ற காரணத்தையே நீக்குவது அதில் பெரிய செய்தியானது. விளையாட்டு வீரர்களை நேராகத் தொட்டது இன்னொரு விதி: சுட்ட தோட்டாக் கூட்டில் மருந்தும் குண்டும் நிரப்பி மறுபடி பயன்படுத்தத் தடை. தொலைதூர ரைஃபிள் வீரருக்கு இது செலவுக் கணக்கு மட்டுமில்லை. தன் ரைஃபிளுக்கு ஏற்ற மருந்தளவைத் தேடிப் பிடிப்பது அந்த விளையாட்டின் பாதி. எதிர்ப்பு பலமாக எழுந்தது, வரைவு அப்படியே சட்டமாகவில்லை. மறுபடி அதைக் கையில் எடுக்கிறவர்கள் எண்ணிக்கையை வெட்டுவதற்கு முன், சங்கங்களின் ஆண்டறிக்கையைப் படிக்கப் பதிவகத்தில் ஆள் போட வேண்டும். வீட்டிலிருந்து எழுதும் தேர்வை நிறுத்தி, உறுப்பினர் ஆண்டுக்குச் சில முறையாவது நேரில் சுட்டார் என்பதற்குக் கள அதிகாரியின் கையெழுத்தைக் கட்டாயமாக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம், விதிமுறை போதும்.

அடுத்த வாரம் 17ஆம் பிரிவு: சுடுவதற்கு அல்லாமல் சேகரிப்பதற்கு வாங்குகிறவர்கள்.