தெருவுக்கு ஒரு வெந்நீர் வீடு

பெங்களூருவில் தமிழர் மிகுதியாக வாழும் அல்சூர், சிவாஜிநகர் போன்ற பகுதிகளின் மளிகைக் கடைகளில் 'ஹமாம்' சோப்பைக் கேட்டு வாங்குவோர் பலர். அப்பெயர் அரபு மொழியிலிருந்து வந்தது என்பதை அவர்களுள் சிலரே அறிவர். 'ஹம்மாம்' என்பது வெப்பத்தைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. ஊரார் அனைவருக்கும் பொதுவான வெந்நீர்க் குளியலகத்தைச் சுட்டுவது. 'குளித்தல்' என்னும் சொல்லுக்குள் குளிர்ச்சி இருக்கிறது என்று தமிழறிஞர் கூறுவதுண்டு. வெயில் மிகுந்த நாட்டார் உடலைக் குளிர்விக்கக் குளித்தனர். மொராக்கோவின் மலையடிவார நகரங்களிலோ குளிர்காலம் கடுமையானது. அங்கே குளியல் என்றால் முதலில் நெருப்பு மூட்ட வேண்டும்.

வட ஆப்பிரிக்காவின் மேற்கு மூலையில் உள்ள மொராக்கோவில், பழைய நகரின் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் ஐந்து பொது இடங்கள் அமைந்திருப்பது மரபு. அவை பள்ளிவாசல், சிறுவர் ஓதும் பள்ளி, குடிநீர் ஊற்று, ரொட்டி சுடும் அடுப்பு, ஹம்மாம் ஆகியன. வீடுதோறும் அடுப்பெரித்து வெந்நீர் காய்ச்ச விறகு கிடைப்பது அரிது. ஆகவே ஒரு தெருவே சேர்ந்து ஓர் உலையைப் பயன்படுத்தியது. வெளியிலிருந்து பார்த்தால் ஹம்மாம் ஓர் எளிய கதவு மட்டுமே. பின்புறச் சந்தில் அதன் உலைக்கூடம் இருக்கும். அங்கே உலைக்காரர் மரத்தூளையும் விறகையும், எண்ணெய் பிழிந்தெடுத்த ஒலிவப் பழச் சக்கையையும் தள்ளி நெருப்பைக் காப்பார். அந்நெருப்பு நீரைக் காய்ச்சுகிறது. அதன் வெப்பம் தரைக்கடியில் பரவி அறைகளையும் சூடாக்குகிறது. மீந்த சாம்பலும் வீணாவதில்லை. மராக்கேஷ் நகரத்தார் இறைச்சியையும் மசாலாவையும் 'தஞ்சியா' என்னும் மண்சாடியில் அடைத்து, உலைக்காரரிடம் கொடுத்துவிட்டுச் செல்வர். சுடுசாம்பலில் பல மணிநேரம் புதைந்திருந்து அது பதமாக வெந்துவிடும்.

தரைக்கடியில் வெப்பம் செலுத்தும் இம்முறை ரோமானியரிடமிருந்து வந்தது. மொராக்கோவில் உள்ள வொலுபிலிஸ் என்னும் பழைய ரோமானிய நகரின் இடிபாடுகளில் அத்தகைய குளியலகங்களை இன்றும் காணலாம். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ரோமானியர் பெரிய தொட்டிகளில் இறங்கி மூழ்கினர். ஹம்மாமில் மூழ்கும் வழக்கம் இல்லை. நீரை முகந்து மேலே ஊற்றிக்கொள்வதே முறை. உடலின் அழுக்கு பட்ட நீர் மீண்டும் உடலில் படலாகாது என்பது இதன் கருத்து. செம்பால் முகந்து ஊற்றிக் குளித்துப் பழகிய தமிழருக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

உள்ளே மூன்று அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். முதலறை மிதமானது, இரண்டாவது வெதுவெதுப்பானது, உலைக்கு அருகிலுள்ள மூன்றாவது மிகுந்த வெப்பம் உடையது. கூரை வளைவாகவோ குவிமாடமாகவோ கட்டப்பட்டிருக்கும். அதில் சிறு துளைகளிட்டுக் கண்ணாடி பதித்திருப்பர். நீராவி நிறைந்த அறைக்குள் அத்துளைகளின் வழியே ஒளி கோடுகளாக இறங்கும். சன்னல்கள் இல்லை, வெப்பம் வெளியேறாமல் இருக்கவும், உள்ளே இருப்போரின் மறைவுக்கும் அதுவே ஏற்றது.

குளிப்போர் இரண்டு வாளிகளில் வெந்நீரும் தண்ணீரும் கொண்டுவந்து, தமக்கேற்ற சூட்டில் கலந்துகொண்டு, பாயை விரித்துத் தரையில் அமர்வர். வெப்ப அறையில் சற்று நேரம் அமர்ந்ததும் வியர்வை பெருகும். அப்போது ஒலிவ எண்ணெயில் செய்த, களிம்பு போன்ற கறுப்புச் சோப்பை உடலெங்கும் பூசி ஊறவிடுவர். பின்னர் 'கெஸ்ஸா' என்னும் சொரசொரப்பான கையுறையால் அழுத்தித் தேய்ப்பர். இறந்த தோல் சாம்பல் நிறத் திரிகளாக உருண்டு விழும். தலைக்கு அட்லஸ் மலைப்பகுதியில் கிடைக்கும் 'கஸ்ஸூல்' என்னும் களிமண்ணைக் குழைத்துத் தேய்ப்பர். நல்லெண்ணெய், சீயக்காய், பீர்க்கங்கூடு ஆகிய மூன்றும் தமிழர் வீட்டு எண்ணெய்க் குளியலில் செய்யும் பணிகளையே இவை அங்கே செய்கின்றன. முதுகு தேய்க்க ஆள் வேண்டும் என்னும் சிக்கல் இரு நாட்டுக்கும் பொது. ஹம்மாமில் அதற்கெனக் கூலிக்குத் தேய்ப்போர் உண்டு. அருகில் அமர்ந்திருக்கும் முன்பின் அறியாதவரும் கேட்டால் உதவுவார். குளித்து வருவோரைப் பார்த்து 'நலம் உண்டாகுக' என்னும் பொருளில் 'பிஸ்ஸஹா' என்று வாழ்த்துவது வழக்கம். தீபாவளியன்று 'கங்கா ஸ்நானம் ஆயிற்றா?' என்று கேட்கும் வழக்கத்தை இது நினைவூட்டும்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுதிகளிலேயே தனி ஹம்மாம்கள் இருக்கின்றன. அவற்றில் வெப்பம் உண்டு, அக்கம்பக்கத்தார் இல்லை. தெரு ஹம்மாமுக்குச் செல்ல விரும்பும் பயணி சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரமோ வாயிலோ வேறாக இருக்கும். அதை முன்னரே கேட்டறிய வேண்டும். துண்டு, பாய், சோப்பு, கையுறை, செருப்பு, உலர்ந்த மாற்று உள்ளாடை ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்வதே வழக்கம். வாயிலில் கட்டணம் செலுத்தி, உடைமைகளை அங்கு அமர்ந்திருப்பவரிடம் ஒப்படைத்து, உள்ளாடையோடு உள்ளே செல்ல வேண்டும். நிழற்படம் எடுப்பது பெருங்குற்றமாகக் கருதப்படும். இதயநோய் உள்ளவர்கள் வெப்ப அறையைத் தவிர்ப்பது நன்று. எவராயினும் தலைசுற்றல் தோன்றியதும் முதலறைக்குத் திரும்பி நீர் அருந்த வேண்டும்.

குளியலக ஒழுங்கைப் பற்றி மிகுந்த அக்கறை காட்டிய பயணி ஒருவர் மொராக்கோவிலிருந்தே புறப்பட்டவர். 1304இல் டாஞ்சியர் நகரில் பிறந்த இபன் பதூதா, எகிப்தின் மின்யா ஊரில் ஆடவர் இடுப்பில் துணியின்றிக் குளிப்பதைக் கண்டு ஆளுநரிடமே முறையிட்டார். இனி அரைத்துணியின்றி எவரும் நுழைந்தால் தண்டனை என்று குளியலகக் குத்தகைதாரர்கள் எழுதிக்கொடுக்க நேர்ந்தது. பாக்தாத் குளியலகங்களில் ஒவ்வொருவருக்கும் மூன்று துண்டுகள் தரப்பட்டதை அவர் வியந்து குறித்துள்ளார். அவரே 1340களில் மதுரைச் சுல்தானிடம் வந்து தங்கியவர் என்பது தமிழக வரலாறு படிப்போர் அறிந்த செய்தி.

ஹம்மாம் இந்தியாவுக்கும் புதியதன்று. காஷ்மீரில் பல பள்ளிவாசல்களை ஒட்டி, அடியில் விறகெரிக்கும் கல்தளம் கொண்ட ஹம்மாம்கள் இன்றும் உள்ளன. பனிக்காலத்தில் ஊரார் அத்தளத்தில் அமர்ந்து குளிர்காய்ந்து உரையாடுவர். கர்நாடகத்தின் வடகோடியில் உள்ள பீதர் கோட்டையில் அரச ஹம்மாம் ஒன்று இருந்தது. அக்கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஹம்பியில் உள்ள 'அரசியர் குளியலகம்' இவ்வகையைச் சேர்ந்ததன்று. அழகிய வளைவுகள் சூழ்ந்த அகன்ற நீர்த்தொட்டி அது. அங்கே உலை இல்லை. பீதருக்கும் மராக்கேஷுக்கும் மற்றோர் உறவும் உண்டு. நிலத்தடி நீரை, சரிவான சுரங்கக் கால்வாய் வழியே நெடுந்தொலைவு கொண்டுவரும் பாரசீகத் தொழில்நுட்பம் இரு நகரங்களுக்கும் நீர் வழங்கியது. பீதரில் அதனைக் 'கரேஸ்' என்றும், மராக்கேஷில் 'கெத்தாரா' என்றும் அழைப்பர்.

பெங்களூருவிலோ மைசூர் நாட்டின் பிற ஊர்களிலோ பொது ஹம்மாம் வேரூன்றவில்லை. அதற்கு மாறாக, வீட்டுக்குள்ளேயே 'பச்சலு மனெ' என்னும் குளியலறை இருந்தது. அதன் அடுப்பின்மேல் செப்பு 'ஹண்டெ'யைப் பதித்து வைத்திருப்பர். தமிழர் அதனை அண்டா என்பர். தீபாவளிக்கு முன்னாள் மாலை அதனைத் துலக்கி, அலங்கரித்து, புதுநீர் நிரப்புவதைக் கன்னடர் 'நீரு தும்புவ ஹப்ப', அதாவது நீர் நிரப்பும் திருநாள் என்று கொண்டாடுவர். அண்டா போய் மின்சார வெந்நீர்க் கருவி வந்துவிட்ட வீடுகளிலும் அந்நாளில் ஒரு குடத்திற்கேனும் பொட்டிட்டு நீர் நிரப்புவோர் உள்ளனர்.

2024ஆம் ஆண்டு இரு நாட்டுக் குளியலறைகளையும் ஒரே கவலை சூழ்ந்தது. மொராக்கோவில் தொடர்ந்து ஆறாவது ஆண்டாக வறட்சி நீடித்தது. காசாபிளாங்கா உள்ளிட்ட பல நகரங்களில் ஹம்மாம்களை வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாள்கள் மூடுமாறு அதிகாரிகள் ஆணையிட்டனர். அதே ஆண்டின் மார்ச்சு மாதத்தில் பெங்களூரு நகரம் நீரின்றித் தவித்தது. அரசின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வறண்டுவிட்டதாக மாநில அரசு தெரிவித்தது. குடிநீரால் வண்டி கழுவினாலும், தோட்டத்திற்குப் பாய்ச்சினாலும் 5,000 ரூபாய் தண்டம் என்று நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது.

ஹம்மாமில் நீர் செலவாகிறது என்பது உண்மையே. ஆயினும் அங்கே குளிப்பவர் தாமே வாளியில் சுமந்து வந்த நீரில் குளிக்கிறார். குழாயைத் திறந்துவிட்டு அதன்கீழ் நிற்பவருக்கு அளவு தெரிவதில்லை. ஒரு தெருவுக்கே ஓர் உலை என்னும் ஏற்பாட்டை வீண்செலவு என்று எளிதில் தள்ளிவிட இயலாது. மேலும், வசதியுள்ளோர் வீட்டில் வெந்நீர்க் குழாய் இருக்கிறது. ஹம்மாம் மூடிய நாளில் குளிரில் நடுங்குவோர் அது இல்லாதவர்களே. அந்நாளில் முதுகு தேய்ப்பவருக்கும் உலைக்காரருக்கும் கூலி இல்லை. தஞ்சியாச் சாடியைப் புதைக்கப் புதுச்சாம்பலும் இல்லை.