கணிப்பொறியில் ஒரு நெற்பயிர்

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்றனர் நம் முன்னோர். முளை விடுவதற்கு முன்பே, ஒரு பயிர் எப்படி வளரும் என்று கணிப்பொறி சொல்லுமாயின் அது விந்தையன்றோ? அந்த விந்தை எவ்வாறு நிகழ்கிறது என்பதை இங்கே காண்போம்.

செடியின் வளர்ச்சி ஒழுங்கானது. சில விதிகளே மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. ஹங்கேரியில் பிறந்த உயிரியல் அறிஞர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் இதை 1968-இல் எழுத்துகளால் விளக்கினார். நூல் போன்ற ஒரு பாசியை எண்ணுவோம். ‘க’ என்பது முதிர்ந்த உயிரணு. ‘ச’ என்பது இளம் உயிரணு. ஒவ்வொரு கட்டத்திலும் ‘க’ பிரிந்து ‘கச’ ஆகும். ‘ச’ முதிர்ந்து ‘க’ ஆகும். க, கச, கசக, கசககச என அது வளரும். உயிரணுக்களின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 என்று செல்லும். முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையே அடுத்த எண்! தோழியரே, நோட்டில் எழுதிப் பாருங்கள். கிளை, இலை, அவற்றின் கோணம் ஆகியவற்றுக்கும் விதிகளைச் சேர்த்தால் கணிப்பொறித் திரையில் முழுச் செடியே எழுந்து நிற்கும்.

உருவம் மட்டும் போதுமா? இலைக்கு வெயில் வேண்டுமே! படுத்த இலைகள் கீழுள்ள இலைகளுக்கு நிழலாகும்; நிமிர்ந்த இலைகள் ஒளியைக் கீழே விடும். வயலிலுள்ள இலைகள் அனைத்தும் எவ்வளவு உணவு தயாரிக்கும் என்பதை நெதர்லாந்து அறிஞர் டி விட் 1965-இலேயே கணிப்பொறியால் கணக்கிட்டார்.

இத்தகைய கணக்குகள் நெல்லுக்கும் பயன்பட்டன. பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்னுமிடத்தில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1989-இல் புதுவகைப் பயிரை உருவாக்கத் தொடங்கியது. கதிர் ஈனாத வீண் தூர்கள் கூடாது. தூர் சிலவாயினும் கதிர் பெரிதாக இருக்க வேண்டும் என்பதே திட்டம். விளைச்சல் நூற்றுக்கு 25 பங்கு உயரலாம் எனக் கணக்கு கூறியது. ஆனால் வயலில் நடந்தது வேறு. முதலில் வந்த பயிர்களில் கதிர் பெரிதாயிருந்தும் மணிகள் சரியாக முற்றவில்லை, பூச்சிகளும் தாக்கின. அறிஞர்கள் மனந்தளராமல் அவற்றை இண்டிகா நெல் வகைகளுடன் கலந்தனர். அடுத்த தலைமுறையில் சில பயிர்கள் பழைய வகைகளையும் விஞ்சி விளைந்தன.

இதனால் நாம் அறிவது என்ன? நாம் எழுதிக் கொடுத்த விதிகளை மட்டுமே கணிப்பொறி அறியும். எழுத மறந்ததை வயலே நமக்குக் காட்டும். நெல்லை ஒருமுறை விளைவித்துப் பார்க்கப் பல மாதங்கள் ஆகும். கணிப்பொறியிலோ பல பயிர்களைச் சிறிது நேரத்தில் வளர்த்துப் பார்க்கலாம். எனினும் சோதித்து அறியாத விதையை விதைத்தால், ஒரு போகம் முழுவதையும் இழப்பவர் உழவரே. ஆகவே கணக்கு வழிகாட்டட்டும். தீர்ப்பை வயல் சொல்லட்டும். அன்றாட உணவுக்காகச் செபிக்கும் நாம், அவ்வுணவு பெருக உழைக்கும் அறிஞரையும் உழவரையும் நன்றியுடன் நினைப்போமாக.