பச்சிளங்குழந்தைக்கு நிமோனியா: சந்தேகங்களும் விளக்கங்களும்

காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. எப்படி நிமோனியா என்கிறார்கள்?

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு இரண்டுமே இல்லாமலும் நிமோனியா வரும். சில குழந்தைகளுக்கு உடம்பு சுடாமல் சில்லிட்டுப்போகும். பால் குடிப்பது குறையும். எழுப்பினாலும் துவண்டு கிடக்கும். மூச்சைப் பாருங்கள். குழந்தை அழாதபோது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது சரிவராது. பச்சிளங்குழந்தையின் மூச்சு சில நொடி நின்று பிறகு வேகமெடுப்பது இயல்பு. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லையா, உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, முனகினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

மூக்கில் எண்ணெய் விட்டால் சளி இளகாதா?

விடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியாவை உண்டாக்கும். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும், வாய்வைத்து ஊதிச் சளி எடுப்பதும் பாசத்தில் செய்வதுதான். ஆனாலும் நோயுற்ற நுரையீரலுக்குப் புகை கேடு. வாய்வழியே கிருமி போகும். வீட்டுப் பெரியவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலை ஏன் நிறுத்துகிறார்கள்?

அடியோடு நிறுத்துவதில்லை, கொடுக்கும் வழியைத்தான் மாற்றுகிறார்கள். மூச்சு வாங்கும் குழந்தை மார்பில் குடித்தால் புரையேறும். அதனால் முதலில் பாலுக்குப் பதில் டிரிப், தேறத் தேற மெல்லிய குழாயில் பால், பிறகு பாலாடை, கடைசியில் மார்பு. நர்ஸ் குழாயில் விடுவது அம்மா பீய்ச்சித் தரும் பாலைத்தான். 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பீய்ச்சாவிட்டால் சுரப்பு குறைந்துவிடும். இந்த நாட்களில் தாயை நேரத்துக்குச் சாப்பிடவைப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

குழந்தையைத் தூக்க விடமாட்டேன் என்கிறார்களே?

மூச்சுத் திணறும்போது அடிக்கடி அசைத்தால் ஆக்ஸிஜன் அளவு இறங்கும். அதனால்தான் டயப்பர் மாற்றுவது, வெப்பநிலை பார்ப்பது, ஊசி போடுவது எல்லாவற்றையும் நர்ஸ் ஒரே நேரத்தில் முடித்துவிட்டுக் குழந்தையை உறங்க விடுகிறார். கடுமை தணிந்ததும் அவரே உங்கள் மார்போடு அணைக்கத் தருவார். கை கழுவிவிட்டு வாருங்கள்.

இரண்டு நாளில் தெளிந்துவிட்டது, வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?

கூடாது. ஊசி மருந்தைப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். செலவுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரத் தாமதிக்கவும் வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வண்டியில் குழந்தைக்குத் தொப்பி போட்டு, தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்தி, மூக்கும் வாயும் மூடாமல் கொண்டுபோங்கள்.