கடையை அறிந்த கணிப்பொறி

வணிக நிலையங்களிலே கணிப்பொறிப் பகுதியினர் சிலர், பொறியை அறிந்தாற் போதும், கடையை அறிய வேண்டுவதில்லை என எண்ணுவர். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதை இங்கிலாந்தின் லயன்ஸ் கம்பெனியின் வரலாறு காட்டும்.

பாணும் கேக்கும் செய்து தன் தேநீர்ச்சாலைகளில் விற்றுவந்த அந்நிறுவனம், 'லியோ' என்னும் கணிப்பொறியைத் தானே அமைத்தது. 1951 நவம்பரில் வெதுப்பகப் பண்டங்களின் மதிப்பை அப்பொறி கணக்கிட்டது. அன்றாட வணிக அலுவலிலே கணிப்பொறி ஈடுபட்டமை உலகில் அதுவே முதன்முறை என்பர்.

அதற்குரிய வேலைமுறைகளை வகுத்தவர்களுள் முதன்மையான டேவிட் காமினர் பொறியியலாளர் அல்லர். லயன்ஸ் அலுவலக நடைமுறைகளை ஆராய்ந்து தேர்ந்தவர். மாலையில் எஞ்சிய கேக் நட்டம். நண்பகலில் தீர்ந்துபோன கேக் வாடிக்கையாளரின் மனக்குறை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை அறிவதே வணிகம். ஆகவே ஒவ்வொரு சாலைக்கும் வழக்கமாக வேண்டப்படும் பண்டங்களின் அளவு பொறிக்கு முன்னரே கொடுக்கப்பட்டது. சாலையை நடத்திய பெண்மணி அன்றைய மாற்றங்களை மட்டும் தொலைபேசியிற் கூறினார். அவை துளையட்டைகளிற் பதியப்பெற்றுப் பொறியைச் சேர்ந்தன. அவருக்கு வேலை குறைந்தது. பண்டங்களும் வேண்டிய அளவிற் சென்றன.

இதன் படிப்பினை தெளிவானது. வாங்குபவர் யார், அவர் விரும்புவது யாது, எந்த முடிவை எந்நேரத்துள் எடுத்தல் வேண்டும் என்பவற்றை முதலில் விற்பனைப் பகுதியினரிடம் கேட்டறிதல் வேண்டும். கணக்கிடுதல் அதன் பின்னரே. கேள்வி பிழைத்தால், விடையின் வேகத்தாற் பயனில்லை.