யுத்தத்தின் நடுவே பள்ளிக்கூடம்

சிவன்மலையின் மேல் காலை வெயில் ஏறும் நேரத்தில் நம் காங்கேயத்துப் பள்ளிக்கூடங்களில் மணி அடிக்கிறது. பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். அடைமழை பெய்தால் விடுமுறை விடுகிறோம். மந்திரி வருகிறார் என்றால் அரை நாள் விடுகிறோம். யுத்தத்தினால் பள்ளிக்கூடத்தைத் திறப்பதா, மூடுவதா என்று தினமும் யோசிக்க வேண்டிய நிலை நமக்கு ஏற்பட்டதில்லை.

கோடிக்கரையிலிருந்து ஐம்பது மைல்கூட இல்லாத யாழ்ப்பாணத்தில், நம்மைப் போலவே தமிழ் பேசும் உபாத்தியாயர்கள் 1983 முதல் 2009 வரையில் அந்த யோசனையைத் தினந்தோறும் செய்ய வேண்டியிருந்தது. அவர்களில் கிறிஸ்தவத் திருச்சபைகளைச் சேர்ந்த பாடசாலைகளை நடத்தியவர்களின் கஷ்டம் ஒரு தனி விதம். அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

அந்தப் பாடசாலைகள் நமக்கு அந்நியமானவை அல்ல. 1823-ல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் ஏற்படுத்திய செமினரியில் படித்தவர் ஸி. வை. தாமோதரம் பிள்ளை. 1857-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பி. ஏ. பட்டம் பெற்ற இருவரில் அவர் ஒருவர். ஏட்டுச் சுவடியாகக் கிடந்த கலித்தொகையை 1887-ல் அச்சேற்றித் தந்தவரும் அவரே. அந்தச் செமினரியின் வழி வந்ததுதான் யாழ்ப்பாணக் கல்லூரி. உடுவில் மகளிர் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி முதலியனவும் இப்படி மிஷனரிமார் வைத்த விதைகளே. சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் அவற்றில் ஏராளமாகப் படித்தார்கள்.

யுத்தம் வருமுன்பே இவற்றுக்கு ஒரு சோதனை வந்தது. 1960, 1961-ஆம் வருஷத்துச் சட்டங்களால் இலங்கை அரசாங்கம் சமய ஸ்தாபனங்களின் உதவி பெறும் பாடசாலைகளைத் தன் வசமாக்கிக் கொண்டது. தனியாகவே நிற்போம் என்ற சில கல்லூரிகள், பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நிற்க வேண்டியதாயிற்று. பழைய மாணவர்களின் நன்கொடையைக் கொண்டு அவை காலந்தள்ளின. பிறகு வந்த யுத்தத்தில், அரசாங்கத்துக்கும் ஆயுதமேந்திய இயக்கங்களுக்கும் நடுவே, எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஸ்தாபனங்களாக அவை நின்றன.

நடுவே நிற்பது எளிதன்று. பரி. யோவான் கல்லூரியின் அதிபராக 1976 முதல் இருந்தவர் ஸி. ஈ. ஆனந்தராஜன். மாணவருக்கும் ராணுவத்தினருக்கும் கிரிக்கெட் பந்தயம் ஏற்பாடு செய்தார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம். 1985 ஜூன் 26-ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பள்ளித் தலைவர் எவரோடு பேசலாம், எவரோடு விளையாடலாம் என்பதைக்கூடத் துப்பாக்கி தீர்மானித்த காலம் அது.

நம் தேசத்துப் படையும் 1987 முதல் 1990 வரை அங்கிருந்தது. சமாதானம் காக்கச் சென்ற படை 1987 அக்டோபரில் யுத்தத்தில் இறங்கிய போது, பாடசாலைகளும் மாதா கோயில்களும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் அகதிகளால் நிரம்பின. அந்த மாதத்தில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் வைத்தியர்களும் மாண்டார்கள். தேசபக்தி உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம் என்றே நினைக்கிறோம்.

1990-க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு எண்ணெய் விட்டு, திரியைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள். பள்ளி வளவுகளில் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. இத்தனைக்கும் நடுவில் பரீட்சை மட்டும் கொழும்பிலிருந்துதான் வந்தது. குண்டு போட்ட அரசாங்கமே வினாத்தாளையும் உபாத்தியாயர் சம்பளத்தையும் அனுப்பி வைத்தது! இந்த விசித்திரத்தினால்தான் ஒரு தலைமுறையின் படிப்பு முற்றிலும் அறுந்து போகாமல் பிழைத்தது.

ஆனால் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தது சரிதானா? 1995 செப்டம்பர் 22-ஆம் தேதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் அரசாங்கப் பாடசாலையின்மேல் விமானக் குண்டு விழுந்தது. 20-க்கு மேற்பட்ட பிள்ளைகள் மடிந்தார்கள். பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டுவது ஆபத்தே. ஆனால் கூட்டாவிட்டாலோ? வகுப்பை விட்டு இயக்கத்துக்குப் போன சிறுவர்களும் சிறுமிகளும் அநேகர். மணி அடிக்காத பள்ளியின் பிள்ளை வீட்டிலேயே இருக்கும் என்று எந்த அதிபரும் நம்ப முடியவில்லை. இந்த இரண்டு பயங்களையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் அவர்கள் தினமும் காலையில் மணியடித்தார்கள்.

திருச்சபை என்ற பெயர் கேடயமாகவும் இல்லை. 1995 ஜூலை 9-ஆம் தேதி நவாலியில் மாதா கோயிலை நம்பி ஒதுங்கிய ஜனங்களின்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அக்டோபர் 30-ஆம் தேதி இரவில் யாழ்ப்பாண நகரமே எழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வெளியேறியது. பல லக்ஷம் பேர். அவர்களோடு உபாத்தியாயர்களும் மாணவர்களும். மறு வருஷம் திரும்பி வந்தவர்கள் கூரையைப் பார்ப்பதற்கு முன் வருகைப் பதிவேட்டைத்தான் திறக்க வேண்டியிருந்தது. எத்தனை பெயருக்குப் பதில் வரவில்லை என்பது அப்போதுதானே தெரியும்!

கேடயமாக இல்லாவிட்டாலும் திருச்சபை ஓர் உதவி செய்தது. வட்டுக்கோட்டைக் கல்லூரிக்கு அமெரிக்காவில் தர்மகர்த்தாக்கள் இருந்தார்கள். யாழ்ப்பாண ஆதீனமும் நம் கோயம்புத்தூர்த் திருமண்டலமும் ஒரே தென்னிந்தியத் திருச்சபையின் கிளைகள். வெளியுலகம் நம்மை மறக்கவில்லை என்ற எண்ணம், முற்றுகைக்குள் இருப்பவனுக்கு ஒரு வேளைச் சோற்றுக்குச் சமம்.

அந்த யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் கொங்கு நாட்டில், பவானிசாகர் போன்ற முகாம்களில் இருக்கிறார்கள். 2021-ல் அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். பெயரை மாற்றுவது அரசாங்கத்தின் காரியம். அந்தப் பிள்ளை நம் வகுப்பறை வாசலில் வந்து நிற்கும்போது முன்வரிசையில் இடம் கொடுப்பது நம்முடைய காரியம். ஜாம் போத்தல் வெளிச்சத்தில் படித்த தாய் தகப்பனின் பிள்ளை அது. படிப்பின் அருமையை நாம் அதற்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.