தட்டைப் படலத்துக்குள் ஒரு குழியாடி

சவரக் கண்ணாடியில் முகம் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அது உட்குழிந்திருப்பது. அதே வேலையைக் குழிவே இல்லாத ஒரு பிளாஸ்டிக் படலமும் செய்யும். ஹாலோகிராம் முறையில் செய்யப்படும் ஒளியியல் உறுப்பு என்பது இதுதான். இங்கே கண்ணாடியின் வளைவு படலத்தின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே ஒளியால் எழுதப்பட்டிருக்கிறது.

எழுதுவதற்கு ஒரே லேசரிலிருந்து பிரித்த இரண்டு கற்றைகள் வேண்டும். ஒன்று இணைக்கதிர்களாக ஒரு பக்கத்திலிருந்து வரும். மற்றொன்று ஒரு புள்ளியை நோக்கிக் குவிந்தபடியோ, புள்ளியிலிருந்து விரிந்தபடியோ மறுபக்கத்திலிருந்து வரும். இரண்டும் படலத்துக்குள் சந்திக்கும்போது, ஒளியலைகளின் முகடும் முகடும் சேரும் இடம் வெளிச்சமாகவும், முகடும் பள்ளமும் சேரும் இடம் இருட்டாகவும் அடுக்கடுக்காக அமைகின்றன. 532 நானோமீட்டர் பச்சை லேசரில் நேரெதிராக எழுதினால் அடுக்குகளின் இடைவெளி சுமார் 177 நானோமீட்டர். 16 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் ஏறக்குறைய 90 அடுக்குகள் அடங்கிவிடும்.

இந்த வெளிச்சத்தையும் இருட்டையும் நிலைத்து நிற்க வைப்பதுதான், படலம் செய்யப்பட்டிருக்கும் போட்டோபாலிமரின் வேலை. மென்மையான பாலிமருக்குள் மோனோமர் என்னும் சிறு மூலக்கூறுகளும், ஒளியை உறிஞ்சும் ஒரு சாயமும், வினையைத் தொடங்கிவைக்கும் பொருளும் கலந்திருக்கும். வெளிச்சம் பட்ட இடத்தில் சாயம் ஒளியை உறிஞ்ச, மோனோமர்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். அங்கே மோனோமர் குறைவதால், இருட்டுப் பகுதியிலிருந்து புதியவை நகர்ந்து வரும். கிணற்றில் இறைக்க இறைக்க ஊற்று சுரந்து நிரப்புவதைப் போல. இப்படி வெளிச்ச அடுக்குகளில் பொருள் சேர்ந்து, அவற்றின் ஒளிவிலகல் எண் மாறுகிறது. எழுதும்போதே படலம் தன்னைத் தானே வளர்த்தெடுத்துக்கொள்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ஹாலோகிராம் பதியும் மற்றப் பொருள்களான வெள்ளி உப்புப் படலங்களையும் டைகுரோமேட் ஜெலட்டினையும் பதிந்த பிறகு ரசாயனத் தொட்டிகளில் நனைத்தெடுக்க வேண்டும். ஜெலட்டினுக்கு ஈரப்பதமும் ஆகாது. 1969-இல் அமெரிக்காவின் ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில்தான் போட்டோபாலிமரில் முதன்முதலாக ஹாலோகிராம் பதிந்தார்கள்.

பதியும் நேரத்தில் எதுவும் அசையக் கூடாது. 177 நானோமீட்டர் இடைவெளியில் ஒரு சிறு பங்கு நகர்ந்தாலே வெளிச்சமும் இருட்டும் ஒன்றோடொன்று குழம்பி, அடுக்குகள் அழிந்துபோகும். அதனால்தான் காற்று மெத்தைமேல் நிற்கும் கனத்த மேசைகள். படலத்தைப் பொருத்திய பிறகும் அதிர்வு அடங்கும் வரை காத்திருந்துதான் லேசரைத் திறப்பார்கள்.

இன்னொரு தொல்லை சுருக்கம். சங்கிலியான மூலக்கூறுகள் முன்பைவிட நெருங்கி அமைவதால் அடுக்குகளும் நெருங்குகின்றன. பச்சையில் எழுதியது சற்று நீலம் சார்ந்த ஒளியைத் திருப்பும். இதைக் கணக்கிட்டு, எழுதும் கோணத்தை முன்கூட்டியே மாற்றி வைப்பார்கள்.

கடைசியாகப் படலம் முழுவதும் சீரான ஒளியைப் பாய்ச்சுவார்கள். எஞ்சிய மோனோமர் உறைந்துவிடும், சாயத்தின் நிறமும் வெளுத்துவிடும்.

ஒவ்வோர் அடுக்கும் திருப்பியனுப்பும் ஒளி மிகக் கொஞ்சம். ஆனால் எழுதிய நிறமும் கோணமும் பொருந்தினால் 90 அடுக்குகளின் ஒளியும் ஒத்திசைந்து கூடிவிடும். மற்ற நிறங்கள் தடையின்றி ஊடுருவிப் போகும். கார் ஓட்டுநரின் கண்ணெதிரே சாலையையும் வழிகாட்டும் பச்சை அம்பையும் ஒன்றாகக் காட்ட இந்தப் படலம் உதவுவது அதனால்தான். முடிந்த படலத்தைக் கையில் எடுத்தால் வெறும் பிளாஸ்டிக் தாள்தான். விளக்கடியில் மெல்லச் சாய்த்தால், ஒரு கோணத்தில் மட்டும் பச்சை பளிச்சிடும்.